வடக்குச் சுவரில் ஒரு கதவு

பென்சில் முனை ஒடிந்தது ஒருவகையில் நல்லதாய்ப் போயிற்று. சீவுகிற சாக்கில் கொஞ்சம் யோசிக்கலாம். ஆனால் யோசிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால்தான் புத்தி வேலைநிறுத்தம் செய்யுமே, கோகிலவாணிக்கு அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஹால் மைக்தான் காதில் விழுந்தது, செக் ஒன் டூ த்ரீ, செக் ஒன் டூ த்ரீ, மூன்றுக்கு மேல் போகவே மாட்டேன் என்கிறான், அவனுக்கும் மறந்துவிட்டதோ என்னவோ. கிழக்கே போனோம். சரி. அங்கிருந்து தெற்கே இறங்கினோம். சரி. அப்புறம் மேற்கே திரும்பினோம். அதுவும் சரி. கிழக்கு, தெற்கு, மேற்கு. அப்படிப் போனவர்கள் புறப்பட்ட மண்டபத்துக்கே வடக்குச் சுவர் வழியாக எப்படி வந்து சேர முடியும்? முடியாது என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் கிராஃப் தாளில் அப்படித்தான் இருக்கிறது. தூண் மண்டபத்துக்குத் தெற்கே ஒரு பாதை வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது, வடக்குச் சுவரிலோ ஒரு கதவு எதனோடும் சேராமல் அநாதையாகக் கிடக்கிறது. அவள் கையால் போட்ட கதவு. அழுத்தமாக வேறு போட்டிருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி அட்டைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து, "சர்வேயர், சீவி முடிச்சாச்சா? தீப்பந்தம் எரிஞ்சுக்கிட்டிருக்கு" என்றான். மேஜையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

காந்திபுரத்தில் அந்த லாட்ஜின் இரண்டாம் மாடியில் இரண்டு ஹால். ஒன்றில் யாருக்கோ வளைகாப்பு. இன்னொன்றில், வருஷா வருஷம் தை மாதத்தில் ஒரு சனி ஞாயிறு, இவர்கள். நரைத்த தலைகளும் நரைக்காத தலைகளுமாகக் கொஞ்சம் பேர், ஏழெட்டு மேஜை, கலர் கலராய்ப் பகடைகள். முதல் வருஷம் மேனேஜர் சூதாட்டம் என்று நினைத்து வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார், அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஏமாற்றத்தோடு போய்விட்டார். இன்று காலை வளைகாப்புக்கு வந்த பெரியவர் ஒருவர் வழி தவறி உள்ளே வந்து, "பொண்ணு எங்கீங்க தம்பி?" என்று கேட்க, "நிலவறைக்குள்ள மாட்டிக்கிட்டாங்க, கூட்டிட்டு வரத்தான் போறோம்" என்று பெனடிக்ட் சொன்னான், பாவம், அவர் பயந்தே போனார். விஷயம் அவ்வளவுதான். ஒருவர் வாயாலேயே ஒரு நிலவறையைக் கட்டுவார், மற்றவர்கள் அதற்குள் தீப்பந்தத்தோடு இறங்குவதாகச் சொல்லிக்கொள்வார்கள், கதவைத் தள்ளுகிறேன், குரல் கொடுக்கிறேன், கத்தியை உருவுகிறேன் என்று. பிழைப்பதா சாவதா என்பதைப் பகடை சொல்லும். கட்டுகிறவர் மேஸ்திரி. எல்லோருக்கும் பதிலாக 'இன்னது செய்கிறோம்' என்று அறிவிக்கிறவர் தலையாரி. மேஸ்திரி சொல்லச் சொல்லப் படம் வரைகிறவர் சர்வேயர். வேறு மேஜைகளில் இதற்கெல்லாம் இங்கிலீஷ் பேர்கள் உண்டு. இந்த மேஜையில் மட்டும் பாலிடெக்னிக் காலத்தில் வைத்த பேர்கள்தான் இன்னும், வெள்ளியங்கிரி மேஸ்திரி, பெனடிக்ட் தலையாரி, அவள் சர்வேயர். எத்தனையோ நிலவறைகள் வரைந்தாயிற்று. ஒரு படத்தில்கூடப் பாதைகள் கூடாமல் போனதில்லை. கூடாமல் போனதில்லை என்றுதான் ஞாபகம், ஆனால் இப்போது ஞாபகத்தை நம்பலாமா என்பதுதானே கேள்வி. ஏசியிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் மூலையில் வைத்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை வேறு எண்ணத் தொடங்கிவிட்டாள்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அவள் மடியில்தான் கனம் இருந்ததே. போன மாதம் செல்போன் ஃப்ரிட்ஜுக்குள் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது, சில்லென்று, உள்ளேயிருந்தே மணி அடித்தது. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பால் தீய்ந்தபோதும் சிரித்தாள். ஆபீஸில் நாள்தோறும் பார்க்கிற கணக்காளர் பேர் வாய்க்குள் வந்து நின்றுகொண்டு வெளியே வராமல் அடம்பிடித்தபோது சிரிப்பு வரவில்லை. "அம்மா, இது சிரிக்கற விஷயமில்ல, ஒருக்கா காட்டிரலாம்" என்று மகள் அபிநயாவே நரம்பு டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டாள். நாளை மறுநாள். பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து கோகிலவாணி தனக்குத்தானே ஒரு பந்தயம் கட்டினாள்: இன்றைக்கு என் படம் கூடிவிட்டால், எல்லாப் பாதையும் ஒன்றோடொன்று போய்ச் சேர்ந்துவிட்டால், எனக்கு ஒன்றுமில்லை, திங்கட்கிழமை போக வேண்டாம். யாராவது கேட்டார்களா? சொந்தச் செலவில் சூனியம். கிழக்கு, தெற்கு, மேற்கு. ஒருவேளை தெற்கே என்று அவன் சொல்லவே இல்லையோ, வடக்கே என்று சொன்னது எனக்குத் தெற்கே என்று பதிந்ததோ? சோற்றுக்கை எது பீச்சாங்கை எது என்றே குழம்புகிற நாளும் வருமோ? வரும் என்றால் எப்போது? அபிநயா கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா? அவள் முகத்தைப் பார்த்து நீ யாரம்மா என்று கேட்பேனா? தாளைக் கவிழ்த்து வைத்தாள். மறுபடி நிமிர்த்தினாள். கதவு அங்கேயேதான் இருந்தது.

கேட்டுவிட்டால் முடிந்தது. கிரி, அந்தப் பாதை தெற்கேவா வடக்கேவா? ஒரு வாய் வார்த்தை. ஆனால் இந்த மேஜையில் ஒருமுறை சொன்னதுதான், திரும்பக் கேட்டால் பகடை உருளும். நீ நின்று கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் இருட்டுக்குள்ளிருந்து ஏதாவது வரலாம் அல்லவா, அதற்காக மேஸ்திரி ஆறுமுகப் பகடையை உருட்டுவான், ஒன்று விழுந்தால் ஏதோ வரும். இப்படி ஒரு விதி உலகத்தில் வேறு எங்கும் கிடையாது. அவர்கள் கையில் கிடைத்தது யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விதிப்புத்தகத்தின் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதில் பாதிப் பக்கம் வெளிறிப் போயிருந்தது. புலியகுளத்தில் பெனடிக்ட் வீட்டு மாடியில் மூன்று பேரும் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்துத் தெரியாத இடத்தையெல்லாம் குத்துமதிப்பாக நிரப்பினார்கள். பிற்பாடு அசல் புத்தகம் வந்தபோது பார்த்தால் அப்படி ஒரு விதியே இல்லை. ஆனால் அதற்குள் பழகிவிட்டது, மாற்ற மனசு வரவில்லை. இன்னொரு விதி அதைவிடக் கறார்: சர்வேயர் தன் படத்தை மேஸ்திரிக்குக் காட்டக் கூடாது, மேஸ்திரியும் எட்டிப் பார்க்கக் கூடாது. தப்பாக வரைந்தால் தப்பான படத்தோடு சாக வேண்டியதுதான். கேட்டால் என்ன வரும்? பூதம் வந்தால் பரவாயில்லை. அட, நான் தெற்கேன்னே சொல்லலையே கோகிலா என்று அவன் சொல்லிவிட்டால்? பூதம் அங்கேதான் இருந்தது. ஆகவே கேட்கவில்லை. வெள்ளியங்கிரி பேசிக்கொண்டே போனான், அந்தக் குரல் மட்டும் மாறவே இல்லை, மோட்டார் பட்டறையில் நாள் முழுக்கச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிறவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தக் குரல், ஈரச் சுவர் என்றால் விரலில் ஈரம் படும். கையில் ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. முழு நிலவறையும் தலைக்குள். எழுதி வச்சு நடத்தறவன் பாடம் ஒப்பிக்கறவன் என்பான். அவனிடம் போய்ச் சந்தேகம் கேட்பதா, ஃப்ரிட்ஜுக்குள் போனை வைத்தவள்?

டீ இடைவேளை. பெனடிக்ட் மூன்று டம்ளரை ஒரே கையில் பிடித்துக்கொண்டு வந்தான். பெங்களூரிலிருந்து வந்திருந்த அஷ்வத், மேஜையின் நாலாவது ஆள், முப்பது வயதுக்காரன், அவள் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "மேடம், கோவிச்சுக்காதீங்க. ஒரு மேஜைக்கு ஒரு சர்வேயர்தான்னு தெரியும். ஆனா நானும் சும்மா ஒரு மேப் போட்டுக்கிட்டே வந்தேன்" என்று டேப்லெட்டை நீட்டினான். "இங்க பாருங்க, கூடவே மாட்டேங்குது. தெற்கே இறங்கினோமில்ல?" அவள் பார்த்தாள். கிழக்கு, தெற்கு, மேற்கு. வடக்குச் சுவரில் ஒரு கதவு, அநாதையாக. அதே கதவு, அதே இடம். "தெற்கேன்னுதான் சொன்னாரா? உனக்கு நல்லாத் தெரியுமா?" "சத்தியமா மேடம். நான் உடனே உடனே போட்டுட்டேன்." அவளுக்கு இருந்த சந்தோஷத்தில் அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு அழுதிருப்பாள். எனக்கு ஒன்றுமில்லை. என் காது சரி, என் கை சரி, என் தலை சரி. ஃப்ரிட்ஜில் போன் வைக்காதவர் யார், ஊரில் பாதிப் பேர் வைத்திருப்பார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அபிநயாவுக்கு இப்போதே போன் போட்டு அந்த டாக்டரை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கைகூடப் பையைத் துழாவியது. பக்கத்து ஹாலில் யாரோ ஒரு பெண் மைக்கைப் பிடித்து ராகமாய்ப் பாடத் தொடங்கினாள், சுருதி எங்கோ போனது, அதுகூட இனிமையாக இருந்தது. டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். நல்ல டீ.

"ஜாலம் பண்ணிட்டாருங்க கிரிண்ணா" என்று பெனடிக்ட் டேப்லெட்டை எட்டிப் பார்த்துச் சொன்னான். "நம்மள நடக்க விட்டே எடத்த மாத்திட்டாரு. மாயப் பாதை." "செம்ம ட்ரிக் சார்!" என்று அஷ்வத் அட்டைத் தடுப்பின் பக்கம் கத்தினான். வெள்ளியங்கிரி நிமிர்ந்து பார்த்தான், எதைச் சொல்கிறார்கள் என்று ஒரு கணம் தேடினான், பிறகு சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கோகிலவாணி பார்த்தாள். ட்ரிக்கா? கிரியா? சுவர் ஒருக்கா வச்சா வச்சதுதான், ஏமாத்துக் கதவு வைக்கறவன் மேஸ்திரியில்ல, மந்திரவாதி, அவன் எதுக்கு நம்ம மேஜையில? எத்தனை தடவை சொல்லியிருப்பான். ஒருமுறை கரூரிலிருந்து வந்த ஒருவன் சுழலும் அறை வைத்தான் என்று பாதியில் எழுந்து போனவன் இவன். அவன் கட்டிய நிலவறையில் கல் நகர்ந்ததே இல்லை. அப்படியானால். அப்படியானால் என்பதற்கு மேல் போகாமல் மனசு சண்டித்தனம் செய்தது, மைக்செட்காரன் மூன்றில் நின்ற மாதிரி. காலையில் கிரி வந்ததும் பெனடிக்ட்டை, "வா தம்பி" என்றான். பாசம் என்று நினைத்தாள். அஷ்வத்தும் தம்பி, இட்லி பரிமாறியவரும் தம்பி. அவளைக் காலையிலிருந்து சர்வேயர், சர்வேயர் என்றே கூப்பிட்டுக்கொண்டிருக்கிறான், அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது, இத்தனை பேர் நடுவில் பட்டம் சொல்லிக் கூப்பிடுகிறானே என்று. ஒரு தடவைகூடக் கோகிலா என்று சொல்லவில்லை. ஒரு தடவைகூட. இட்லி சாப்பிடும்போது பேரன் தவழ்கிற கதையைச் சொன்னான், கை கழுவும்போது அதையே புதிதாகச் சொன்னான், மனுஷனுக்குப் பேரன் பைத்தியம் என்று நினைத்தாள். மனைவி சரோஜா பேரனைப் பார்த்துக்கொள்ளப் புனேவுக்குப் போய் எவ்வளவோ நாளாகிறது, வீட்டில் தனியாள், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துச் சிரிக்கக்கூட ஒருவரும் இல்லை. அவளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் எவ்வளவு ருசித்துக் குடித்தாள் அந்த டீயை! என்ன ஜென்மம் நான். பழி வேறு ஆள் மேல் விழுந்ததும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்ததே. வெட்கத்தில் காது சுட்டது. டம்ளரைக் கொண்டுபோய்ச் சொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எதற்காக இங்கே வந்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள்.

மறுபடி உட்கார்ந்தார்கள். இப்போது அவளுக்கு நிலவறை காதில் ஏறவில்லை. அவன் விரலைப் பார்த்தாள், செம்புக் கம்பி கீறிக் கீறித் தழும்பேறிய விரல், பகடையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. சொல்லலாமா? எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது? பெனடிக்ட்டிடம் சொன்னால் அழுவான். சரோஜாவுக்குப் போன் போட்டால், எங்க வீட்டுக்காரருக்குப் புத்தி சரியில்லைங்கறீங்களா என்பாள், கேட்பாள், கேட்க உரிமை இருக்கிறது. சும்மா இருந்துவிட்டால்? அடுத்த தையில் வருவான், ட்ரிக் என்பார்கள், அதற்கடுத்த தையில், சாருக்கு வயசாயிருச்சு என்று ஜாடை காட்டிக்கொள்வார்கள், அதற்கப்புறம் இந்த நாற்காலியில் வேறு யாராவது. அதற்குள் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும், கதவு திறந்தே கிடக்கும், ரோட்டைத் தாண்டும்போது. வேண்டாம். பெனடிக்ட் தலையாரிக் குரலில் முழங்கினான். "ஆளுக்கொரு காயம். தீப்பந்தம் கடைசி. நாங்க வந்த வழியே திரும்பறோம் மேஸ்திரி. மண்டபத்துல நிக்கறோம். வாசலுக்குப் போற வழி எங்க? என்ன தெரியுது?"

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தான். "தூண்" என்றான். நிறுத்தினான். "தூணுக்கு" என்றான். அப்புறம் ஒன்றும் வரவில்லை. அஷ்வத் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு சிலிர்த்துப்போய்க் காத்திருந்தான், என்ன ஒரு நிறுத்தம், என்ன ஒரு கலைஞன் என்று. பெனடிக்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கோகிலவாணி மட்டும் அவன் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண் தடுப்புக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தது, அங்கே ஒரு காகிதம்கூட இல்லை. இருட்டில் நிற்பது நாங்களில்லை, அவன். வாய்க்குள் வந்து நின்றுகொண்டு வெளியே வராத வார்த்தை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும், அந்தப் பயம் எந்த இடத்தில் பிடிக்கும் என்றும் தெரியும். காட்டக் கூடாது. இத்தனை வருஷத்தில் காட்டியதில்லை. ஒருமுறை அவள் ஆத்திர அவசரத்துக்குப் பாத்ரூம் போனபோதுகூடத் தாளை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போனவள். அவள் கிராஃப் தாளைத் தூக்கினாள், அவனுக்கு நேராகத் திருப்பினாள், தடுப்பைக் கையால் ஒதுக்கிவிட்டு அவன் முன்னால் வைத்தாள். பென்சிலால் ஒரு கட்டத்தைத் தொட்டாள். "நாங்க இங்க நிக்கறோம்" என்றாள்.

"மேடம்! காட்டக் கூடாதே!" என்றான் அஷ்வத். பெனடிக்ட் அவள் முகத்தைப் பார்த்தான், கிரி முகத்தைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். அழுவான் என்று அவள் நினைத்தவன்தான், ஆனால் தலையாரிக் குரலிலேயே சொன்னான், "தம்பி, இந்த மேஜைக்கு விதி போட்டதே நாங்கதான். உக்காருங்க." வெள்ளியங்கிரி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் மெல்ல நகர்ந்தது, வாசல், பாதை, மண்டபம், கிழக்குக் கதவு, தெற்கே, மேற்கே. வடக்குச் சுவரில் அந்தக் கதவுக்கு வந்ததும் நின்றது. அதையே வெகுநேரம் தொட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கு அது தெரிந்தது. "நானா இங்க கதவு வச்சேன்?" என்று அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டான். தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து, பழைய குரலில், "தூண்களுக்கு நடுவுல மேற்கே பாக்கறீங்க. தூரத்துல வெளிச்சம். நீங்க உள்ள வந்த வாசல்" என்றான். மேஜை கைதட்டியது. அவன் கண் தாளை விட்டு எடுபடவில்லை.

சாயங்காலம் ஹாலைக் காலி செய்யச் சொன்னார்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது, எல்லோரும் நாற்காலிகளை அடுக்கிவிட்டுச் சாப்பிடக் கிளம்பினார்கள். பெனடிக்ட் அஷ்வத்தை வலுக்கட்டாயமாகத் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு போனான். மேஜையில் அவர்கள் இரண்டு பேர், நடுவில் ஆறுமுகப் பகடை. பக்கத்து ஹாலில் கண்ணாடி வளையல்களை அட்டைப் பெட்டியில் கொட்டுகிற சத்தம். எப்படி ஆரம்பிப்பது என்று அவள் பத்து விதமாக யோசித்து வைத்திருந்தாள், பத்தும் பறந்துபோயிற்று, கடைசியில் யோசிக்காத ஒன்றுதான் வாயில் வந்தது.

"கிரி, திங்கக்கெழம நான் டாக்டருகிட்டப் போகணும். நரம்பு டாக்டர். எனக்கு ஒரே மறதி. அபிக்கு லீவு கெடைக்கல." கடைசி வாக்கியம் பொய், அதற்கு அவள் வெட்கப்படவில்லை. "தனியாப் போகப் பயமா இருக்கு. கூட வர்றியா?"

அவன் அவளைப் பார்த்தான். "உனக்கா மறதி?"

"எனக்குத்தான். செல்போன ஃப்ரிட்ஜுல வச்சிட்டேன்."

அவன் சிரிக்கவில்லை. "அங்க என்ன கேப்பாங்க?"

"தெரியல. நான் முதல்ல உக்காந்துக்கறேன். எனக்குக் கேக்கறத நீ பாத்துக்க. அப்புறம் வேணும்னா நீ."

கொஞ்ச நேரம் பகடைப் பையின் நாடாவை இழுத்துக்கொண்டிருந்தான். "எத்தன மணிக்கு?"

"பத்து மணிக்கு. வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி சர்வேயர்" என்றான். எழுந்து அட்டைத் தடுப்பை மடித்தான், அதைப் பையில் வைத்தான், பையைத் தோளில் மாட்டினான், மாட்டிக்கொண்டே திரும்பி, "எத்தன மணின்னு சொன்ன?" என்றான். கேட்ட பிறகுதான் கேட்டது அவனுக்கே உறைத்தது. முகம் வெளிறிவிட்டது. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் பகடையை நோக்கி நீண்டது.

கோகிலவாணி பகடையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"பத்து மணிக்கு" என்றாள்.